டிரம் கணக்குத் தெரிந்தவருக்குப் பாட்டரிக் கணக்கும் தெரியும்

ஜீவனஹள்ளியில் குடியிருக்கும் எந்த இல்லத்தரசியையும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் எத்தனை பேர், காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, ஒரு நாளைக்கு எத்தனை குடம் செலவாகிறது என்று விரல் விட்டுச் சொல்லிவிடுவார். அந்தக் கணக்கை வைத்துத்தான் டிரம் வாங்கியிருப்பார். டிரம் சிறியதாக இருந்தால் இரண்டாம் நாளே பக்கத்து வீட்டில் குடம் ஏந்த வேண்டிவரும். பெரியதாக இருந்தால் சமையல் அறையில் நடக்க இடம் இருக்காது.

அதே வீட்டில் மின்வெட்டுக்காக இன்வெர்ட்டரும் பாட்டரியும் வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கு மறந்துபோகிறது. "வீட்டுக்கு ஒரு பாட்டரி கொடுங்கள்" என்று கடையில் கேட்கிறோம். கடைக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறோம். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு அதற்குப் போய்விடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு தனியார் கம்பெனிக் குமாஸ்தா இருக்கிறார். மகள் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறாள் என்பதற்காகத் தீபாவளி போனஸில் இன்வெர்ட்டர் வாங்கினார். கடையில் பேச்சு முழுவதும் இன்வெர்ட்டரைப் பற்றியே நடந்தது. பெரியதாகவே வாங்கினார். கையில் மிச்சமிருந்த பணத்துக்கு 80 ஏ.எச். பாட்டரி ஒன்று கிடைத்தது. கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் மாலை ஆறரைக்குக் கரண்ட் போயிற்று. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, எட்டே காலுக்கு இன்வெர்ட்டர் 'பீப், பீப்' என்று கத்திவிட்டு நின்றது. கரண்ட் வந்தபோது மணி ஒன்பதே முக்கால். இடையில் அந்தப் பெண் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். இன்வெர்ட்டரில் குறை எதுவும் இல்லை. கடையில் யாரும் போட்டுப் பார்க்காத கணக்குதான் குறை.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

காவிரி தந்த இரண்டு

நம் வீட்டு டிரம்மில் நிறையும் தண்ணீரும் இந்த ஊரில் முதன்முதலாக எரிந்த மின் விளக்கும் ஒரே ஆற்றிலிருந்து வந்தவை. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மைசூர் சமஸ்தானம் அமைத்த நீர்மின் நிலையம் 1902-ல் ஓடத் தொடங்கியது. அங்கே உற்பத்தியான மின்சாரம் முதலில் பெங்களூருக்கு வரவில்லை. சுமார் 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, கோலார் தங்கவயலுக்குத்தான் கொண்டுபோனார்கள். அந்தச் சுரங்கங்களில் வட ஆர்க்காடு முதலான ஜில்லாக்களிலிருந்து சென்ற நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் உழைத்தார்கள். பெங்களூர்த் தெருவில் மின் விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டு 5-ம் தேதிதான். காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதல் கட்டம் 1974-ல் வந்தது.

தங்கவயல் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டன. அங்கிருந்து வேலை தேடிப் பெங்களூருக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம் பகுதியிலும் உண்டு. இன்றும் தினமும் ரயிலில் வந்துபோகிறவர்கள் பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்தைத் தாண்டித்தான் கண்டோன்மென்டுக்குப் போகிறார்கள்.

நூற்றிருபது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் கரண்ட் போவது நிற்கவில்லை. மழைக் காற்றில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுகிறது. டிரான்ஸ்பார்மர் பழுதாகிறது. பராமரிப்பு வேலை என்று முன்கூட்டியே அறிவித்துப் பகலில் நிறுத்துகிறார்கள். 2023-ல் பருவமழை பொய்த்தபோது, அந்த ஆண்டு அக்டோபரில் கர்நாடகம் முழுவதும் மின் பற்றாக்குறையை உணர்ந்தது. தண்ணீருக்கு டிரம் எப்படியோ அப்படியே கரண்டுக்குப் பாட்டரி.

குழாய் வேறு, டிரம் வேறு

கடையில் இரண்டு அளவுகளைச் சொல்வார்கள். இன்வெர்ட்டருக்கு வி.ஏ. என்பார்கள், பாட்டரிக்கு ஏ.எச். என்பார்கள். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பலருடைய பணம் வீணாகிறது.

டிரம்மின் அடியில் ஒரு குழாய் பொருத்தியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குழாய் பெரியதானால் ஒரே நேரத்தில் நிறையத் தண்ணீர் கொட்டும். ஆனால் டிரம்மில் உள்ள தண்ணீர் அதனால் கூடிவிடாது. இன்வெர்ட்டர் அந்தக் குழாய் போன்றது. ஒரே சமயத்தில் எத்தனை விளக்கு, எத்தனை விசிறி ஓடலாம் என்பதை வி.ஏ. சொல்கிறது. எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்வது பாட்டரிதான். குமாஸ்தா நண்பர் பெரிய குழாயைச் சின்ன டிரம்மில் பொருத்திவிட்டார்.

ஏ.எச். என்றால் ஆம்பியர்-மணி. இந்த எண்ணைப் பாட்டரியின் 12 வோல்ட்டால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 150 ஏ.எச். பாட்டரியில் 1,800 வாட்-மணி. மின்சார பில்லில் 'யூனிட்' என்று போடுவது 1,000 வாட்-மணிதான். ஆக, பெரிய பாட்டரி என்று நாம் நினைப்பதில் உள்ளது இரண்டு யூனிட்டுக்கும் குறைவே.

முதல் வேலை: ஒரு மாதக் குறிப்பு

பாட்டரி வாங்குவதற்கு முன் ஒரு மாதம் பொறுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டர் தாளிலேயே கரண்ட் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் எழுதினால் இன்னும் நல்லது. பக்கத்துத் தெருவுக்கு வேறு டிரான்ஸ்பார்மர் இருக்கலாம். ஆகையால் நண்பர் வீட்டுக் கணக்கு உங்களுக்கு உதவாது.

மாதக் கடைசியில் இரண்டு விஷயம் தெரியவரும். மிக நீண்ட மின்வெட்டு எத்தனை மணி நேரம் என்பது ஒன்று. வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் வந்தது எவ்வளவு என்பது இன்னொன்று. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்ட வீட்டில், பகல் முழுவதும் கரண்ட் இல்லாவிட்டாலும் பாட்டரிக்குச் செலவில்லை. அந்த வீட்டுக்கு மாலை மூன்று மணி நேரம்தான் கணக்கு. கைக்குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டுக்குப் பகலையும் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது வேலை: செலவுப் பட்டியல்

ஜீவனஹள்ளியில் இரண்டு அறையும் சமையல் அறையும் உள்ள ஒரு வாடகை வீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று மணி நேர மின்வெட்டில் அந்த வீட்டில் என்னென்ன ஓட வேண்டும்?

எல்.ஈ.டி. பல்பு மூன்று, ஒவ்வொன்றும் 9 வாட், 3 மணி நேரம்: 81 வாட்-மணி.
எல்.ஈ.டி. டியூப் லைட் ஒன்று, 20 வாட், 3 மணி நேரம்: 60.
பழைய மாதிரி சீலிங் ஃபேன் இரண்டு, ஒவ்வொன்றும் 75 வாட், 3 மணி நேரம்: 450.
டெலிவிஷன், 50 வாட், 2 மணி நேரம்: 100.
இன்டர்நெட் பெட்டி, 10 வாட், 3 மணி நேரம்: 30.
செல்போன் இரண்டு, சேர்ந்து 10 வாட், 2 மணி நேரம்: 20.

கூட்டினால் 741. எளிதாக இருக்கட்டும் என்று 750 வாட்-மணி என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 267 வாட்தான். இதற்கு 700 வி.ஏ. இன்வெர்ட்டர் தாராளமாகப் போதும். மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர், பிரிட்ஜ் ஆகியவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

இந்தப் பட்டியலில் எதற்கு அதிகம் செலவாகிறது என்று கவனியுங்கள். விளக்குகள் எல்லாம் சேர்ந்தும் 141தான். இரண்டு ஃபேன் மட்டும் 450. நாம் பாட்டரி வாங்குவது வெளிச்சத்துக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் காற்றுக்காகத்தான் வாங்குகிறோம்.

மூன்றாவது வேலை: சிந்துவதும் அடியில் நிற்பதும்

டிரம்மிலிருந்து குடத்துக்கு மாற்றும்போது கொஞ்சம் தண்ணீர் சிந்தும். பாட்டரியின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும்போது இன்வெர்ட்டரிலும் அப்படித்தான். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்துக்கொள்வது பத்திரமான கணக்கு. 750-ஐ 0.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 940 வாட்-மணி. அதை 12-ஆல் வகுத்தால் 78 ஏ.எச்.

"அப்படியானால் 80 ஏ.எச். பாட்டரி போதுமே" என்று தோன்றும். நண்பர் இந்த இடத்தில்தான் ஏமாந்தார். ஏன் போதாது என்பதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, பெட்டியில் எழுதியிருக்கும் ஏ.எச். பெரும்பாலும் 20 மணி நேரத்தில் நிதானமாகச் செலவிடும்போது கிடைக்கும் அளவு. சி-20 என்று அதைக் குறிப்பார்கள். மூன்று மணி நேரத்தில் வேகமாக உறிஞ்சினால் அவ்வளவும் கிடைக்காது. 150 ஏ.எச். பாட்டரியில் நம் வீட்டுச் செலவுக்குச் சுமார் 120 தேறும்.

இரண்டாவது, ஈயப் பாட்டரியை ஒட்ட வடிக்கக் கூடாது. அடிக்கடி அடிவரை காலி செய்தால் அதன் தகடுகள் சீக்கிரம் கெடும். பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொண்டால் பல ஆண்டு உழைக்கும்.

மூன்றாவது, பாட்டரிக்கும் வயதாகிறது. ஆண்டுகள் போகப் போக அதன் கொள்ளளவு குறைந்து, ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டால் ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டது என்பது தொழில் வழக்கு.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வீட்டுக்கு 150 ஏ.எச். டியூபுலர் பாட்டரிதான் சரி. புதிதாக இருக்கும்போது கிடைக்கும் 120-ல் 78 செலவாகும். அது மூன்றில் இரண்டு பங்குக்குள் அடங்கும். வயதாகி 120 என்பது 96 ஆகச் சுருங்கினாலும் மூன்று மணி நேரத்தைக் கடத்திவிடும்.

மனப்பாடம் செய்ய ஒரு சுருக்கு வழி உண்டு. வாட்-மணிக் கூட்டுத்தொகையை 5-ஆல் வகுத்தால் வாங்க வேண்டிய 12 வோல்ட் பாட்டரியின் ஏ.எச். வந்துவிடும். 750-ஐ 5-ஆல் வகுத்தால் 150. மேலே சொன்ன எல்லாக் கழிவுகளும் இதில் அடக்கம்.

டிரம்மைப் பெரிதாக்குமுன் ஒழுகலை அடையுங்கள்

அந்த இரண்டு பழைய ஃபேன்களுக்குப் பதில் பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால் ஒவ்வொன்றும் சுமார் 30 வாட்தான் இழுக்கும். 450 என்பது 180 ஆகிவிடும். மொத்தம் 750-லிருந்து 480-க்கு இறங்கும். 5-ஆல் வகுத்தால் 96. அதாவது 150-க்குப் பதில் 100 ஏ.எச். பாட்டரி போதும். இந்த ஃபேன் விலை கூடுதல்தான். ஆனால் பாட்டரியை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அந்த மிச்சம் உண்டு. கரண்ட் இருக்கும் நாட்களில் பில்லிலும் குறையும்.

தேவையை முதலில் கேள், பெட்டியைப் பிறகு கொடு என்பதைத் தொழிலாகவே செய்து காட்டிய நிறுவனம் ஒன்று பெங்களூரில் உண்டு. 1995-ல் தொடங்கப்பட்ட செல்கோ, கிராமத்து வீடுகளுக்கும் தெருவோர வியாபாரிகளுக்கும் சூரிய ஒளி விளக்குகளை அமைத்துக் கொடுத்தது. எத்தனை விளக்கு, எங்கே, எத்தனை மணி நேரம் என்று கேட்டு, அதற்கேற்ற பாட்டரியை வைப்பது அவர்கள் முறை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹரீஷ் ஹந்தேவுக்கு 2011-ல் ராமோன் மக்சேசே விருது கிடைத்தது. மின் இணைப்பே இல்லாத குடிசைக்கு இப்படி அளந்து கொடுக்க முடியுமென்றால், நாம் நம் வீட்டை அளந்துகொள்வது கடினமல்ல.

தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இன்வெர்ட்டரே தேவைப்படாமல் போகலாம். தனக்குள்ளேயே சிறு பாட்டரி வைத்த எல்.ஈ.டி. பல்பு சில மணி நேரம் எரியும். அறையைக் காலி செய்யும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

நிரம்பவும் நேரம் வேண்டும்

டிரம் எவ்வளவு பெரியதானாலும் தண்ணீர் வந்தால்தானே நிரம்பும்? மூன்று மணி நேரம் செலவழித்த பாட்டரி மீண்டும் முழுதாக நிரம்ப எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும்.

2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்ததை ஊருக்குப் போய்வந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல ஊர்களில் ஒரு மணி நேரம் வருவதும் ஒரு மணி நேரம் போவதுமாக இருந்தது. அரைகுறையாக நிரம்பி, மறுபடி வடிந்து, மறுபடி அரைகுறையாக நிரம்பும் ஈயப் பாட்டரியில் தகடுகளின் மேல் உப்புப் போல ஒரு படிவம் இறுகிவிடும். பிறகு எத்தனை நேரம் சார்ஜ் செய்தாலும் பழைய பலம் வராது. அத்தகைய இடத்தில் இரண்டாவது பாட்டரி வாங்குவதைவிடச் செலவைக் குறைப்பதே மருந்து.

மூன்று மணி நேரச் செலவைத் திரும்ப நிரப்ப ஏறக்குறைய ஒன்றரை யூனிட் பிடிக்கும். 2023 ஆகஸ்டில் தொடங்கிய கிருக ஜோதித் திட்டத்தில் 200 யூனிட் எல்லையை ஒட்டிச் செலவழிக்கும் வீடுகள் இதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

ஒன்றுக்கு இரண்டு வைப்பவர்களுக்கு

ஒரு பாட்டரி போதாத வீட்டில் இரண்டை இணைக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 24 வோல்ட் ஆகும், ஏ.எச். மாறாது. பக்கத்துக்குப் பக்கம் இணைத்தால் 12 வோல்ட்டாகவே இருக்கும், ஏ.எச். இரட்டிப்பாகும். இரண்டிலும் உள்ளிருக்கும் வாட்-மணி ஒன்றே. எப்படி இணைப்பது என்பதை இன்வெர்ட்டர்தான் முடிவு செய்யும். 12 வோல்ட் இன்வெர்ட்டரில் 24 வோல்ட்டைக் கொடுத்தால் புகைதான் வரும்.

பழைய பாட்டரி பலவீனமானதும் பக்கத்தில் புதியது ஒன்றை வைத்து இணைப்பவர்கள் உண்டு. இது நல்ல மாட்டையும் நோயாளி மாட்டையும் ஒரே நுகத்தடியில் பூட்டுவது போல. பழையது புதியதையும் இழுத்துக் கெடுக்கும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வயதாக இருக்க வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட வீடு

ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருடன் வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிகள் இருக்கிறார்கள். "வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, பயமில்லை" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. நிமிடத்துக்கு 5 லிட்டர் கொடுக்கும் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். மூன்று மணி நேரத்துக்கு 1,050 வாட்-மணி. 5-ஆல் வகுத்தால் 210 ஏ.எச். நாம் கணக்கிட்ட 150 ஏ.எச். பாட்டரி, ஃபேனையும் டெலிவிஷனையும் நிறுத்தினால்கூட இதைப் பத்திரமாகத் தாங்காது. இந்த மெஷினுக்கு மட்டுமே 150 ஏ.எச். பாட்டரி இரண்டு வைக்க வேண்டும். இன்வெர்ட்டரும் அதற்கேற்ற சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். எத்தனை பாட்டரி இருந்தாலும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரைக் கைவசம் வைத்திருங்கள். டாக்டரிடமும் மெஷின் கொடுத்தவரிடமும் முன்னதாகவே பேசிவிடுங்கள்.

எங்கே வைப்பது?

காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம், மாருதி சேவா நகர் என்று நம் பக்கத்துச் சின்ன வீடுகளில் பாட்டரி கட்டிலுக்கு அடியிலும் காஸ் அடுப்புக்குப் பக்கத்திலும் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். இது ஆபத்து. தண்ணீர் ஊற்றும் வகைப் பாட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். ஆகவே ஜன்னல் அல்லது கதவுக்கு அருகில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடுப்பும் பூஜை விளக்கும் எட்டி இருக்கட்டும். உள்ளே இருப்பது கந்தக அமிலம். பிளாஸ்டிக் தட்டின் மேல், குழந்தை கைக்கு எட்டாதபடி மூடியுள்ள டிராலியில் வைப்பது நல்லது. கண்ணில் தெறித்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மிதவையைப் பார்த்து, குறைந்தபோது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் கூடவே கூடாது. அவற்றிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தை நீங்களாக ஊற்றாதீர்கள்.

லித்தியம் பாட்டரி இப்போது வந்திருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், எடை குறைவு, பெரும் பங்கை வடிக்கலாம், ஆண்டுகளும் கூடுதல். விலை அதிகம். பழைய இன்வெர்ட்டருக்கு அது பொருந்துமா என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும். 5-ஆல் வகுக்கும் சுருக்கு வழி அதற்குப் பொருந்தாது.

கடைக்குப் போகும்போது

செலவுப் பட்டியலைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். பாட்டரி எந்த மாதம் தயாரானது என்று பாருங்கள். பல மாதம் கடையில் தூங்கியது வேண்டாம். கியாரண்டியில் எத்தனை மாதத்துக்குள் இலவசமாக மாற்றுவார்கள், அதற்குமேல் எவ்வளவு தள்ளுபடி என்பதைப் பிரித்துக் கேளுங்கள். கார்டில் தேதியும் கடை முத்திரையும் இருக்க வேண்டும். பழைய பாட்டரியை உடைக்காமல் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். அதிலுள்ள ஈயம் நச்சு. குழந்தைகள் விளையாடும் இடத்தில் போட்டு வைக்காதீர்கள்.

குமாஸ்தா நண்பர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, உடனே புதுப் பாட்டரி வாங்க ஓடவில்லை. கையில் பணமும் இல்லை. மின்வெட்டு நேரத்தில் டெலிவிஷனை நிறுத்தினார். ஒரு ஃபேனை நிறுத்திவிட்டு எல்லோரும் ஒரே அறையில் உட்காருவது என்று வைத்துக்கொண்டார். 741 வாட்-மணி 416 ஆகக் குறைந்தது. அந்த 80 ஏ.எச். பாட்டரியே இப்போது மூன்று மணி நேரம் தாங்குகிறது. அடுத்த போனஸுக்கு என்ன வாங்குவது என்று துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறார். முதல் வரியில் இருப்பது பாட்டரி அல்ல, இரண்டு ஃபேன்.